புலம்பெயர் தொழிலாளர்களுக்கான தன்னார்வக் குழுவைச் சென்னையில் வழிநடத்துவது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

அம்பத்தூர் தொழிற்பேட்டையை ஒட்டிய லைன் வீடுகளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, ஒடிசாவின் பலாங்கீர் மாவட்டத்திலிருந்து வந்திருந்த ஒரு பெண்மணி எங்கள் குழுவின் புதிய தன்னார்வலரிடம் அமைதியாக ஒரு கேள்வி கேட்டார். "இதே விவரத்தை உங்கள் ஆட்கள் இரண்டு பேர் ஏற்கெனவே எழுதிக்கொண்டு போனார்கள். அந்தத் தாள் எங்கே?" அவருடைய கணவருக்கு வர வேண்டிய கூலிப் பாக்கி பற்றிய தாள் அது. தேடிப் பார்த்தபோது, ஒரு பிரதி தேர்வுக்காக ஊருக்குப் போய்விட்ட கல்லூரி மாணவரின் பையிலும், மற்றொன்று எங்களை விட்டு விலகிவிட்ட ஒருவரின் கைப்பேசியில் புகைப்படமாகவும் இருந்தது. அதற்குள் அந்தக் கூலியைத் தர வேண்டிய மேஸ்திரி வேறு ஊருக்கு வேலை மாற்றிக்கொண்டு போயிருந்தார்.

எங்களிடம் அன்பு குறைவாக இருந்ததால் இது நடக்கவில்லை. யார் எதற்குப் பொறுப்பு என்று எவரும் தீர்மானித்து வைக்காததால் நடந்தது. அதன்பின் நாங்கள் குழுவை முதலிலிருந்து கட்டிய விதத்தை, அதே பணியில் இறங்க நினைப்பவர்களுக்காக வரிசைப்படி எழுதுகிறேன்.

முதல் படி: யாருக்காக, எந்த எல்லைக்குள் என்பதை முடிவு செய்தல்

சென்னையில் "வெளியூரிலிருந்து வந்தவர்" என்ற ஒரே சொல்லுக்குள் வெவ்வேறு சட்ட நிலைகளில் உள்ள பலர் அடங்குகிறார்கள். பீகார், ஜார்க்கண்ட், ஒடிசா, மேற்கு வங்காளம், அசாம், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களிலிருந்து வரும் தொழிலாளர்கள் இந்தியக் குடிமக்கள். இங்கு தங்கவும் உழைக்கவும் அவர்களுக்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை. புழல், கும்மிடிப்பூண்டி முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர்களின் நிலை வேறு. 1983 முதல் வந்த அவர்களின் முகாம்களுக்கு 2021இல் தமிழக அரசு "இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்" என்று பெயர் மாற்றியது. ஆனால் குடியுரிமை, பயண ஆவணம் ஆகிய சிக்கல்கள் பெயர் மாற்றத்தோடு தீர்ந்துவிடவில்லை. அகதிகளுக்கான 1951ஆம் ஆண்டு உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடாததால், பிற நாட்டிலிருந்து அடைக்கலம் தேடி வந்தவர்களின் வழக்குகளுக்குத் தனித் தேர்ச்சி வேண்டும். அரைகுறை ஆலோசனை அவர்களுக்கு நேரடியான கேடாக முடியக்கூடும் என்பதால், புதிய குழு முதல் இரண்டு ஆண்டுகளுக்கு உள்நாட்டுத் தொழிலாளர்களோடு நின்றுகொள்வதே நல்லது என்பது என் கருத்து. மற்றவர்கள் வந்தால், பல்லாண்டு அனுபவமுள்ள அமைப்புகளிடம் கையோடு அழைத்துச் சென்று ஒப்படைக்க வேண்டும்.

எல்லையையும் சுருக்கிக்கொள்ளுங்கள். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், சிறுசேரி, பாடி என்று எல்லா இடங்களுக்கும் ஓடும் குழு எந்த இடத்திலும் இரண்டாம் முறை தலைகாட்டாது. இரண்டு அல்லது மூன்று அஞ்சல் குறியீட்டு எண்களுக்குள் வேலை செய்யும் குழுவால் அங்குள்ள மேஸ்திரிகளையும், ரேஷன் கடை விற்பனையாளரையும், காவல் நிலைய எழுத்தரையும், மளிகைக் கடைக்காரரையும் பெயர் சொல்லி அழைக்க முடியும். வேலை பாதி அங்கேயே முடிந்துவிடும்.

இரண்டாம் படி: பதிவும் பணமும்

இதை நீட்ட வேண்டியதில்லை. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன்படி சங்கமாகப் பதிய ஏழு பேர் போதும். அறக்கட்டளையாகப் பதிவதும் ஒரு வழி. பெயர் எதுவாக இருந்தாலும் வங்கிக் கணக்கு அமைப்பின் பெயரில் இருக்க வேண்டும். தலைவரின் சொந்த ஜிபே எண்ணுக்கு ஒரு ரூபாய்கூட வரக்கூடாது.

ஒரு கண்ணியைப் பற்றி மட்டும் எச்சரிக்க வேண்டும். வெளிநாட்டில் வாழும் நம் உறவினர்கள் தாராள மனத்தோடு பணம் அனுப்ப முன்வருவார்கள். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் தம் சேமிப்பிலிருந்து தரும் பணம் வெளிநாட்டு நன்கொடை ஆகாது. ஆனால் அமெரிக்கக் குடியுரிமையோ கனடியக் குடியுரிமையோ பெற்றுவிட்ட ஒருவர், சொந்த அத்தை மகனாகவே இருந்தாலும், சட்டத்தின் பார்வையில் வெளிநாட்டு மூலம்தான். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம், 2010இன் கீழ் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் அந்தப் பணத்தைப் பெறுவது குற்றம். நல்லெண்ணத்தில் வாங்கிய சிறு தொகைகூடப் பெரிய விசாரணையில் கொண்டுபோய் நிறுத்தலாம்.

மூன்றாம் படி: பொறுப்பை நான்கு பேரிடம் பிரித்தல்

பெரும்பாலான உள்ளூர் அமைப்புகளில் ஒருவரே எல்லாமாக இருக்கிறார். அவர் இருக்கும்வரை எல்லாம் நடக்கும். அவருடைய தாயாருக்கு உடல்நிலை சரியில்லாமல் போனால் அமைப்பே படுத்துவிடும். ஆகவே தொடக்கத்திலேயே நான்கு பொறுப்புகளை நான்கு பேரிடம் எழுத்து மூலம் ஒப்படையுங்கள். ஒருவர் களத்துக்குப் பொறுப்பு: எந்த ஞாயிறு எந்த இடம், யார் யார் போகிறார்கள் என்பதை முடிவு செய்பவர். ஒருவர் மொழிபெயர்ப்பாளர்களை ஒருங்கிணைப்பவர். ஒருவர் கணக்கு. நான்காமவர் பதிவேட்டுக்குப் பொறுப்பானவர்; குழுவின் உண்மையான தலைவர் அவர்தான் என்று நான் கருதுகிறேன். மேடையில் நன்றாகப் பேசக்கூடியவரை அந்த இடத்தில் அமர்த்தாதீர்கள். மறக்காதவரையும், "அந்த விஷயம் என்ன ஆயிற்று?" என்று சலிக்காமல் கேட்கக்கூடியவரையும் அமர்த்துங்கள். எங்கள் குழுவில் ஓய்வுபெற்ற அஞ்சலக ஊழியர் ஒருவர் அந்தப் பொறுப்பை ஏற்ற மூன்றே மாதங்களில், பழைய வழக்குகளில் பாதிக்கு மேல் உயிர்பெற்றன.

நான்காம் படி: தன்னார்வலர்களைத் தேர்ந்தெடுத்தல்

சென்னையில் இந்தப் பணிக்கு முதல் தடை மொழி. இந்தி பேசத் தெரிந்தவர்களைக் கல்லூரிகளில் மட்டும் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். ரயில்வே, வங்கி, ராணுவம் ஆகியவற்றில் வடக்கே பணியாற்றி ஓய்வுபெற்ற தமிழர்கள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். அழைக்கப்படாததால் வீட்டில் இருக்கிறார்கள். சௌகார்பேட்டையில் தலைமுறைகளாக வாழும் குடும்பங்களின் பிள்ளைகளுக்குத் தமிழும் இந்தியும் ஒருசேர வரும். வங்காளிகளும் ஒடியர்களும் கூடும் சங்கங்களையும் கோயில்களையும் நாடினால் அந்த மொழிகளுக்கும் ஆள் கிடைப்பார்கள்.

இந்தி மட்டும் போதும் என்றும் எண்ணிவிடக் கூடாது. பீகாரிலிருந்து வருபவரின் வீட்டு மொழி போஜ்புரியாகவோ மைதிலியாகவோ மகஹியாகவோ இருக்கலாம். ஜார்க்கண்டிலிருந்து வருபவர் சந்தாலியோ முண்டாரியோ பேசலாம். மேற்கு ஒடிசாவின் சம்பல்புரி, கடற்கரை ஒடியாவிலிருந்து வேறுபட்டது. ஆண்கள் ஊர் சுற்றி இந்தியைப் பிடித்துக்கொள்கிறார்கள். மனைவிமார்களுக்கு அந்த வாய்ப்பில்லை. கணவரை மொழிபெயர்ப்பாளராக வைத்து மனைவியின் பிரச்சினையைக் கேட்பது பல நேரங்களில் கேட்காததற்குச் சமம். அதனால் குறைந்தது இரண்டு பெண் மொழிபெயர்ப்பாளர்கள் இல்லாமல் குடும்பங்கள் தங்கியுள்ள இடங்களுக்குப் போகாதீர்கள்.

சேர வருபவரிடம் நீண்ட நேர்காணல் தேவையில்லை. மாதத்தில் எத்தனை ஞாயிறு உறுதியாக வர முடியும் என்று கேளுங்கள். "எல்லா வாரமும்" என்பவரைவிட, "இரண்டு வாரம்தான், ஆனால் கட்டாயம் வருவேன்" என்பவரை நான் நம்புவேன். முதல் இரண்டு முறை அவர் எதுவும் எழுதாமல் உடன் நின்று கவனிக்கட்டும். தொழிலாளர்களைப் பற்றி அவர் பேசும் சொற்களை நீங்கள் கவனியுங்கள். "வடக்கன்" என்ற சொல் வாயில் சாதாரணமாக வருபவரைத் திருத்த முடியும். ஆனால் அது திருத்தப்பட வேண்டிய ஒன்று என்பதையே ஏற்காதவரை அனுப்பிவிட வேண்டும்.

ஐந்தாம் படி: பயிற்சி

தன்னார்வலர் எல்லாச் சட்டங்களையும் அறிந்திருக்க வேண்டியதில்லை. அடிக்கடி எழும் கேள்விகளுக்குச் சரியான கதவைக் காட்டத் தெரிந்தால் போதும்.

ரேஷன்: "ஒரே நாடு ஒரே குடும்ப அட்டை" திட்டத்தில் தமிழ்நாடு 2020இல் இணைந்தது. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் வெளிமாநில அட்டைதாரர் இங்குள்ள ரேஷன் கடையிலேயே தம் பங்குத் தானியத்தைப் பெறலாம். ஊரில் உள்ள குடும்பத்தினர் மீதியை அங்கு வாங்கிக்கொள்ளலாம். நடைமுறைச் சிக்கல் கைரேகையில் வருகிறது. ஆண்டுக்கணக்கில் சிமென்ட் கலவையில் கை வைத்தவரின் விரல் நுனிகள் வழவழவென்று தேய்ந்து, இயந்திரம் மீண்டும் மீண்டும் மறுக்கும். அவர் ஏதோ தவறு செய்துவிட்டவர்போல் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே நிற்பார். அந்த நேரத்தில் பக்கத்தில் ஒரு தன்னார்வலர் நின்று, வேறு விரல்களை வைத்துப் பார்க்கச் சொல்லியும், கருவிழிப் பதிவுக் கருவி உள்ள கடையை விசாரித்தும் உதவுவது பெரிய வேலை.

பதிவுகள்: 2021 ஆகஸ்டில் தொடங்கிய இ-ஷ்ரம் தளத்தில் 16 முதல் 59 வயது வரையிலான அமைப்புசாராத் தொழிலாளர் பதிந்து 12 இலக்க எண் பெறலாம். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் 18 முதல் 60 வயதுக்குள், முந்தைய ஓராண்டில் 90 நாள் வேலை செய்தவர் பதியலாம். இரண்டும் வேறு வேறு என்பதைத் தன்னார்வலர்களே குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்றில் பதிந்ததும் வேலை முடிந்தது என்று திரும்பிவிடக் கூடாது.

பிள்ளைகள்: கல்வி உரிமைச் சட்டம், 2009இன்படி 6 முதல் 14 வயது வரையிலான குழந்தைக்கு, வயதுச் சான்றோ மாற்றுச் சான்றிதழோ கையில் இல்லை என்பதற்காகப் பள்ளியில் இடம் மறுக்க முடியாது. தலைமையாசிரியரிடம் வாதாடப் போகாமல், குழந்தையையும் தாயையும் அழைத்துக்கொண்டு பணிவாகப் போய் அமருங்கள், பெரும்பாலும் நடந்துவிடும்.

வழக்குகள்: சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், 1987இன்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பு பாராமல் இலவச வழக்கறிஞர் உண்டு, உதவி எண் 15100. எந்தக் காவல் நிலையத்தின் எல்லையில் குற்றம் நடந்தாலும் வேறொரு நிலையத்தில் புகார் பதியலாம் என்பதை, 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் எழுத்திலேயே உறுதி செய்கிறது. குழந்தை மீதான பாலியல் குற்றம் பற்றித் தெரியவந்தால், போக்சோ சட்டப்படி அதைத் தெரிவிப்பது கட்டாயம். குடும்பம் வேண்டாம் என்றாலும் மறைக்கும் உரிமை நமக்கு இல்லை. குழந்தைகள் உதவி எண் 1098.

மாநிலங்களுக்கு இடையே புலம்பெயரும் தொழிலாளர்களுக்கென இருந்த 1979ஆம் ஆண்டுச் சட்டம் இப்போது தொழிலாளர் சட்டத் தொகுப்புகளுக்குள் வந்துவிட்டது; அந்தத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தன. பழைய கையேடுகளை வைத்துப் பயிற்சி தரும் குழுக்கள் அவற்றைத் திருத்தி எழுதிக்கொள்ள வேண்டும்.

பயிற்சியில் நான் அதிக நேரம் செலவிடுவது ஒரே ஒரு வாக்கியத்தில். நம்மவர் தமிழில் "முயற்சி செய்கிறோம்" என்பார். மொழிபெயர்ப்பவர் ஆறுதலாக இருக்கட்டுமே என்று இந்தியில் "ஹோ ஜாயேகா" (நடந்துவிடும்) என்பார். கேட்டவர் அன்றிரவே ஊருக்குத் தொலைபேசியில் "பணம் வந்துவிடும்" என்று சொல்லிவிடுவார்; ஊரில் அதை நம்பி ஒரு கடன் வாங்கப்படும். "கோஷிஷ் கரேங்கே" (முயற்சி செய்வோம்) என்பதற்கும் "ஹோ ஜாயேகா" என்பதற்கும் உள்ள தூரத்தை ஒவ்வொரு மொழிபெயர்ப்பாளரும் சொல்லிப் பழக வேண்டும்.

ஆறாம் படி: பதிவேடு

கெட்டி அட்டை போட்ட நீள நோட்டுப் புத்தகம் ஒன்றும், அதன் நகலாகக் கணினியில் ஒரு அட்டவணையும் போதும். ஒவ்வொரு வழக்குக்கும் ஒரு எண், பெயர், சொந்த மாவட்டம், இங்குள்ள இடம், பேசும் மொழி, ஊரில் உள்ள ஒருவரின் தொலைபேசி எண், பிரச்சினை, பொறுப்பான தன்னார்வலர் ஆகியவை இருக்கட்டும். கடைசிப் பத்தி, "அடுத்து யார், எந்த நாளில், என்ன சொல்லப் போகிறோம்". அந்தப் பத்தி காலியாக இருக்கும் வழக்கு கைவிடப்பட்ட வழக்கு. நல்ல செய்தி இல்லாவிட்டாலும் சொன்ன நாளில் போய், "இன்னும் முடியவில்லை" என்று நேரில் சொல்ல வேண்டும். வழக்கு எண்ணை ஒரு சிறு சீட்டில் எழுதித் தொழிலாளரிடமே கொடுத்துவிட்டால், அடுத்து வரும் எந்தத் தன்னார்வலரிடமும் அவர் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருக்காது.

கூலிப் பாக்கி வழக்குகளில் "ஹாஜிரி" (வருகைக் கணக்கு) பற்றிக் கட்டாயம் கேளுங்கள். தாம் வேலை செய்த நாட்களைப் பெரும்பாலோர் ஏதோ ஒரு வகையில் குறித்து வைத்திருப்பார்கள்: சட்டைப் பையில் மடங்கிக் கசங்கிய சிறு டைரியில், கைப்பேசி நாட்காட்டியில், சில நேரங்களில் தகரக் கொட்டகையின் சுவரில் கரிக்கோடுகளாக. அதைத் தேதியோடு படம் எடுத்து, மேஸ்திரியின் பெயர், வேலை நடந்த கட்டடத்தின் முகவரி, அதன் முகப்புப் பலகையில் உள்ள நிறுவனப் பெயர் ஆகியவற்றோடு சேர்த்து வையுங்கள். தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் உள்ள தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போகும்போது அந்தக் கரிக்கோடுகள் பேசும்.

ஆதார் அட்டையின் படத்தை வாட்ஸாப் குழுவில் போடுவதை முதல் நாளே தடை செய்யுங்கள். தேவைப்பட்டால் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள். நலத்திட்டம் என்ற பெயரில் கைரேகை வாங்கி ஏமாற்றப்பட்டவர்கள் அவர்களிடையே இருக்கிறார்கள். நாமும் அதே போன்ற ஆட்களாகத் தோன்றக்கூடாது.

ஏழாம் படி: இறப்பு நேரும்போது

இதை எழுதாமல் விடுபவர்களே அதிகம் என்பதால் விரிவாகச் சொல்கிறேன். 2014 ஜூன் 28 அன்று மௌலிவாக்கத்தில் கட்டுமானத்தில் இருந்த 11 மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் இறந்தனர். பலர் வட ஆந்திர மாவட்டங்களிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள். அத்தனை பெரிய விபத்துகளுக்கு அரசே ஓடி வரும். சாரத்திலிருந்து தவறி விழுந்த ஒருவருக்கு அப்படி யாரும் வருவதில்லை.

ஒரு விடியற்காலையில் பிணவறை வாசலில், இறந்தவரின் தம்பி, இருபது வயது இருக்கும், செருப்பில்லாமல் நின்றுகொண்டிருந்தார். காண்டிராக்டரின் ஆள் ஒரு கவரில் 50,000 ரூபாயும், தமிழில் எழுதப்பட்ட ஒரு தாளும், மை அட்டையும் கொண்டுவந்திருந்தார். "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்பது அந்தத் தாளின் கடைசி வரி. எங்கள் மொழிபெயர்ப்பாளர் அதை வாய்விட்டுப் படித்துக் காட்டியபோது, அந்த இளைஞர் மை தோய்ந்த கட்டைவிரலை மெல்ல மடக்கிக்கொண்டார்.

இத்தகைய நேரத்தில் தலைவர் செய்ய வேண்டியவை இரண்டு. இரண்டையும் வெவ்வேறு ஆட்களிடம் ஒப்படைக்க வேண்டும். ஒருவர் உடலை ஊருக்கு அனுப்பும் வேலையைக் கவனிக்கட்டும். முதல் தகவல் அறிக்கை, உடற்கூறாய்வு, காவல் துறையின் ஆட்சேபணை இல்லாச் சான்று, உடலைப் பதப்படுத்திய சான்று ஆகியவை இல்லாமல் விமானத்தில் உடலை ஏற்ற மாட்டார்கள். மற்றவர் இழப்பீட்டைக் கவனிக்கட்டும். வேலையின்போது நேர்ந்த இறப்புக்கான இழப்பீட்டை முதலாளி குடும்பத்தின் கையில் கொடுத்துக் கணக்கை முடித்துவிட முடியாது. அதற்கென உள்ள அதிகாரியிடம் (பழைய சட்டத்தில் ஆணையர்) செலுத்தினால்தான் செல்லும். 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்திலேயே இருந்த இந்த விதி புதிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் தொடர்கிறது. பழைய சட்டத்தில் 2009 திருத்தத்துக்குப் பின் இறப்புக்கான குறைந்தபட்சத் தொகையே 1,20,000 ரூபாய். வயதையும் கூலியையும் கொண்டு கணக்கிட்டால் பெரும்பாலும் அதைவிடப் பல மடங்கு வரும். இறந்தவர் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) திட்டத்தில் இருந்திருந்தால், குடும்பத்துக்கு மாதந்தோறும் சார்ந்தோர் உதவித்தொகை வரும். ஆகவே எவரும் எந்தத் தாளிலும் கைரேகை வைக்க வேண்டாம் என்பதே நாம் சொல்லும் முதல் வார்த்தையாக இருக்க வேண்டும். இறுதிச் சடங்குச் செலவுக்கென்று தரும் பணத்தை வாங்கலாம். அதற்கு மட்டும் ரசீது எழுதிக் கொடுங்கள்.

இப்படி ஓர் இறப்பைக் கவனித்த தன்னார்வலர்களை அடுத்த இரண்டு வாரங்களுக்குக் களத்துக்கு அனுப்பாதீர்கள். அவர்கள் வருவதாகச் சொன்னாலும் அனுப்பாதீர்கள்.

எட்டாம் படி: வதந்தி பரவும்போது

2023 மார்ச்சில், தமிழகத்தில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்யான காணொளிகள் பரவி, பலர் அஞ்சி ரயில் ஏறினார்கள். பீகார், ஜார்க்கண்ட் அரசுகள் அதிகாரிகளை அனுப்பி விசாரித்தன. அந்தச் செய்திகள் பொய் என்று தெளிவானது. அப்போது மறுப்பறிக்கைகளைவிட உதவியது, ஒவ்வொரு கொட்டகையிலும் ஒருவர் எங்களை அழைத்து, "அண்ணா, இது உண்மையா?" என்று கேட்க முடிந்ததுதான். அந்த உறவு முன்பே இருக்க வேண்டும். ஒவ்வொரு தங்குமிடத்திலும் மற்றவர்கள் மதிக்கும் ஒருவரைத் தொடர்பாளராக வைத்துக்கொண்டு, பிரச்சினை இல்லாத மாதங்களிலும் அவரோடு பேசுங்கள்.

ஒன்பதாம் படி: தலைமையைக் கைமாற்றுதல்

இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நான்கு பொறுப்புகளும் கைமாற வேண்டும். புதியவர் மூன்று மாதம் பழையவரோடு சேர்ந்து வேலை செய்துவிட்டு ஏற்கட்டும். அந்த நான்கில் ஒன்றாவது, இங்கே பல ஆண்டுகளாகத் தங்கித் தமிழ் பேசக் கற்றுக்கொண்ட ஒரு தொழிலாளரிடம் இருக்க வேண்டும் என்று நான் வலியுறுத்துகிறேன். எங்கள் மொழிபெயர்ப்புப் பொறுப்பு இப்போது அப்படிப்பட்ட ஒருவரிடம் இருக்கிறது. கூட்டத்தின் நேரத்தை அவருடைய ஷிப்டுக்கு ஏற்ப இரவு எட்டரைக்கு மாற்றினோம். அவர் பயணச் செலவை அமைப்பு தருகிறது. இந்த இரண்டையும் செய்யாமல் "அவர்கள் முன்வருவதில்லை" என்று சொல்வது முறையல்ல.

கைமாற்றும் நாளில் பதிவேடு, அலமாரிச் சாவி, கணக்குப் புத்தகம் ஆகியவற்றோடு கைப்பேசியையும் ஒப்படையுங்கள். அதன் சிம் அட்டை தொடக்கத்திலிருந்தே அமைப்பின் பெயரில் வாங்கப்பட்டிருக்க வேண்டும். பலாங்கீரிலும் பீகாரின் தர்பங்காவிலும் எத்தனையோ கைப்பேசிகளில் அந்த எண் "சென்னை அண்ணா" என்றோ "சென்னை அக்கா" என்றோ சேமிக்கப்பட்டிருக்கும். அறுவடை முடிந்து அவர்கள் மறுபடி சென்ட்ரலில் வந்து இறங்கும் விடியற்காலையில், அந்த எண்ணை யாராவது எடுக்க வேண்டும்.